பஸ் ஸ்டாண்டில் நின்ற கடல்

கிளியநத்தத்துக்குக் கடல் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஜெயங்கொண்டம் பஸ் வந்து நின்று, கண்டக்டர் கீழே இறங்கி நைனா முகமது கடையில் டீக்குச் சொல்லிவிட்டு, அந்த டீ ஆற்றிக் கைக்கு வருவதற்குள். அவர் டம்ளரை வாங்கும்போது தண்ணீர் முழங்காலில் இருந்தது. கண்டக்டர் டீயை ஒரு வாய் குடித்தார், குனிந்து தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு என்று நைனாவிடம் சொன்னார், மிச்ச டீயையும் குடித்துவிட்டு விசிலை எடுத்து, "கடல்ல எறங்குறவங்கல்லாம் முன்னாடி வழியா எறங்குங்க, பின்னாடி ஆழமா இருக்கும்போலருக்கு" என்று சத்தம் கொடுத்தார். ஜனங்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்வழியாக இறங்கிப் போனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அமலோற்பவம் டீச்சர். அரசு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவர். நாற்பது வயது, குள்ளமான உருவம், நடந்தால் ஓடுவதுபோல் இருக்கும், சிரித்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். போன மாதம் அரியலூரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பையன் வந்து, போனை வைத்து ஊருக்குள் நடந்து நடந்து விளையாடுகிற பாட ஆட்டங்களை ஆசிரியர்களே செய்துகொள்கிற ஒரு கருவியைக் காட்டினான். கம்ப்யூட்டரில் ஊரின் வரைபடம் வரும். எந்த இடம் வேண்டுமோ அங்கே ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் ஒரு கேள்வியை வைக்க வேண்டும். போனோடு நடந்து வருகிற பிள்ளை அந்த வட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததும் போன் அதிர்ந்து கேள்வியைக் கேட்கும். பதில் சரியென்றால் என்ன நிகழ வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம், எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். மற்ற ஆசிரியர்கள் சாம்பார் சாதத்தின் மயக்கத்தில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தபோது, அமலோற்பவம் டீச்சர் மட்டும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, தான் பிறந்ததிலிருந்து கிளியநத்தம் சுண்ணாம்புக்கல்லை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறதே, இது என்ன கல், எங்கிருந்து வந்தது என்று ஒருநாள்கூட யாரும் கேட்டதில்லையே என்று நினைத்தார்.

ஆகவே அவர் ஊரின் வரைபடத்தைத் திறந்து, பஸ் ஸ்டாண்டின் மேல் ஒரு சின்ன வட்டம் போட்டார். "பத்துக் கோடி வருடங்களுக்கு முன் இந்த இடத்தில் என்ன இருந்தது?" என்று கேள்வி வைத்தார். பிள்ளைகள் குருட்டாம்போக்கில் அடித்துவிடக் கூடாதே என்று, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கீழே இன்னொரு கேள்வியும் வைத்தார். என்ன நிகழ வேண்டும் என்ற கட்டத்தில் ஒரு கடல் படத்தைப் போடப் பார்த்தார். பள்ளிக்கூடத்து நெட் அவ்வளவு பெரிய படத்தை இழுக்காது என்றது. சரி போ என்று "இங்கே கடல் வரும்" என்று மட்டும் எழுதினார். எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில், "சரியாகப் பதில் சொன்னவர் வட்டத்துக்குள் இருக்கும்வரை" என்பதைத் தேர்ந்தெடுத்தார். கருவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "ஆட்டம் தயார்" என்றது.

முதலில் வட்டத்துக்குள் நுழைந்தவள் கஸ்தூரி. பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கும் அய்யாக்கண்ணுவின் மகள். ஒல்லியாக, காலை அகட்டி வைத்து நடக்கிறவள், கேள்வி கேட்டால் பதிலோடு இன்னொரு கேள்வியையும் திருப்பித் தருகிறவள். அவள் டீச்சரின் போனில் "கடல்" என்று அடித்து, எப்படித் தெரியும் என்பதற்கு, "சுண்ணாம்புக்கல் என்பதே கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகினது, எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு சிப்பி இருக்கிறது, அதன்மேல் கால் வைத்துத்தான் தினமும் பள்ளிக்கு வருகிறேன்" என்று எழுதினாள். அவள் விரலை எடுத்ததும் கடல் வந்தது. மேலேயிருந்து விழவில்லை, எங்கிருந்தோ ஓடியும் வரவில்லை, பால் பொங்குவதுபோல் தரையிலிருந்து எழுந்து, வட்டம் போட்ட இடத்தில் வட்டமாக நின்றது. நடுவில் முழங்கால், ஓரத்தில் கணுக்கால். ஓரத்தைத் தாண்டிப் புழுதி அப்படியே புழுதியாகக் கிடந்தது. சின்னச் சின்ன அலைகள் டிக்கெட் கவுண்டர் சுவரில் மோதித் திரும்பின. சுருண்ட ஓட்டுக்குள்ளிருந்து மீசை நீட்டிய ஒரு பிராணி, ஆட்டுக்கடா கொம்பு மாதிரியான ஓட்டோடு, பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கூட வந்த வகுப்புப் பெண்கள் கத்தினார்கள், குதித்தார்கள், சீருடையெல்லாம் நனைத்துக்கொண்டார்கள். மணி அடித்து அவர்கள் வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் கடல் போய்விட்டது. சிமெண்டுத் தரையில் உப்பு மட்டும் பூத்திருந்தது. நைனா முகமது அதைக் கூட்டி வழித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டார்.

கடல் எங்கிருந்து வந்தது என்று கிளியநத்தத்தில் யாரும் அதிகம் கேட்கவில்லை. திரும்ப எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். சித்திரை வெயிலில் தார் உருகுகிற ஊர் அது, லாரிப் புழுதியில் துவைத்த வேட்டி காய்வதற்குள் மறுபடி அழுக்காகிற ஊர். அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டில் பொம்பளைப் பிள்ளைகள் நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பஸ் வருகிற சத்தம் கேட்டபிறகுதான் பள்ளிக்கூடச் சுவரோரத்திலிருந்து ஓடிவந்து ஏற வேண்டும். ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டால் அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்கும். இப்போது என்ன ஆயிற்று என்றால், அவர்கள் நின்றால்தான் கடல் நிற்கும். "ஏம்மா, இந்த பஸ்ஸை விட்டுட்டு அடுத்ததுல போங்களேன்" என்று காய்கறிக்காரர்கள் கெஞ்சினார்கள். "பாப்பா, கொஞ்ச நேரம் நில்லும்மா, கால் வலி தேவலாம்போல இருக்கு" என்று வயசானவர்கள் அதட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் உட்கார நாற்காலி வந்தது, தலைக்குமேல் பந்தல் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பஸ் ஸ்டாண்டின் நடுவில் நாற்காலி போட்டு, காலைக் கடலில் ஆட்டியபடி வேர்க்கடலை தின்றுகொண்டு, ஊரே பார்க்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிளியநத்தத்தின் வரலாற்றில் அப்படி ஒரு காட்சி அதற்குமுன் இருந்ததில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் கடலுக்கு எங்கே போவது? அதனால் ஆட்டத்தில் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஜனங்கள் வந்தார்கள். டீச்சருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆட்டத்தில் சேர்கிற எண்ணைப் பள்ளிக்கூட கேட்டில் சாக்பீசால் பெரிதாக எழுதிப் போட்டார். எண்ணைப் போட்டார்கள், பேர் கேட்டால் வாய்க்கு வந்த பேரைக் கொடுத்தார்கள், "கடல்" என்று அடித்தார்கள். எப்படித் தெரியும் என்று போன் கேட்டதும் முழித்தார்கள். கஸ்தூரி எழுதியதைக் கேட்டு அப்படியே அடித்தவர்களுக்குக் கடல் வரவில்லை, காலடியில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் கசிந்து காய்ந்தது. வேறு வழியில்லாமல் ஊர் படிக்க ஆரம்பித்தது. சலூனில் ஒரு பக்கம் மீசையை ஒதுக்கிவிட்டு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, கடல் மட்டம் ஏன் ஏறியது என்று விவாதித்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் கிடந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். லாரி டிரைவர்கள் பாதிவழியில் வண்டியை நிறுத்தி, வெட்டிய கல்லில் நத்தைச் சுருளைத் தேடினார்கள். நைனா முகமது மூன்று முறை தோற்று, நாலாம் முறை தன் கடை அடுப்பு வைத்திருக்கும் கல்லுக்குள் ஒரு மீன்முள் இருப்பதைத் தானே கண்டுபிடித்து எழுதினார், கடல் அவர் காலைக் கட்டிக்கொண்டதுபோல் வந்தது. மனிதர் வடைச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓவென்று கூவினார். அன்றிலிருந்து கடல் காலையில் அவர் கடை திறக்கும்போது வந்தது, அவர் கடை சாத்திவிட்டுப் போகும்போது போனது.

கடலைப் பிடிக்காதவர் ஒரே ஒருத்தர்தான், அவர் அய்யாக்கண்ணு. அவருடைய சைக்கிள் ஸ்டாண்டு வட்டத்துக்குள் பாதி கிடந்தது. உப்புத் தண்ணீரில் ரிம்மெல்லாம் துருவேறுகிறது என்பது ஒரு காரணம். பஸ் ஸ்டாண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் முதல் ஆள் தன் மகள் என்பது பெரிய காரணம். அவர் கல்வி அலுவலருக்கு மனு எழுதினார். அலுவலர் ஜீப்பில் வந்தார், பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கடலில் இறங்கி விசாரித்தார், டீச்சருக்கு விளக்கம் கேட்டு அங்கேயே நின்று ஒரு மெமோ எழுதினார், அதைக் கையில் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை குழந்தைங்களக் கூட்டியாரலாம்னு இருக்கேன், கூட்டமா இருக்குமா டீச்சர்?" என்று கேட்டார்.

மனு பலிக்காத கோபத்தில் அய்யாக்கண்ணு கஸ்தூரியை ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார். இரண்டு நாள் பார்த்தார் அமலோற்பவம் டீச்சர். மூன்றாம் நாள் நேராக சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார்.

"அண்ணே, கஸ்தூரிய அனுப்புங்கண்ணே. ஆட்டத்தைத் தொடங்கிவச்சதே அவதான்."

அய்யாக்கண்ணு ஒரு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "தொடங்கிவச்சா, போதும். டீச்சரு, நீங்க நல்லவங்க, உங்களை ஒண்ணும் சொல்லல. ஆனா போன வெள்ளிக்கெழம நைனா தொழுகைக்குப் போயிருந்தப்ப ஒருத்தன் எங்கிட்டயே வந்து, உங்க பொண்ணு எப்பண்ணே வரும், கால் நனைக்கணும்னு கேக்குறான். என்ன பதில் சொல்லச் சொல்றீங்க?"

"அஞ்சு மணிக்கு வரும்னு சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சருக்கே தான் சொன்னது அதிகம் என்று பட்டது, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை.

"பத்தாவது முடிக்கட்டும். அதோட சரி. அதுக்கப்புறம் ஒரு எடம் பாத்துக் குடுத்துருவேன். அதுவரைக்கும் வீட்ல இருந்து படிக்கட்டும். படிக்க வேணாம்னு நான் சொல்லல, சாயங்காலம் பூரா சத்தம்போட்டுப் படிச்சுக்கிட்டுதான் இருக்கா. தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னால தூங்க முடியல."

"அவ பெரிய படிப்பெல்லாம் படிக்கிற பொண்ணுண்ணே."

"எல்லாப் பொண்ணும் அப்பிடித்தான் டீச்சரு, ஒம்பதாவதுல."

டீச்சர் திரும்பி வந்தார். வருகிற வழியில் கடலைக் கடந்து வந்தார், காலில் அலை தட்டியது, வழக்கமாக வருகிற சிரிப்பு அன்று வரவில்லை.

இப்படியிருக்க, பங்குனி வெயில் உச்சிக்கு ஏறியது. கடலுக்குக் கூட்டம் தாங்கவில்லை. பெரம்பலூரிலிருந்தெல்லாம் வேன் வைத்து வந்தார்கள். உள்ளூர்க்காரனுக்குக் கால் வைக்க இடமில்லை. பேரூராட்சித் தலைவர் ராசாங்கம், வெள்ளை வேட்டி கலையாத மனிதர், ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து கம்ப்யூட்டர் அறையில் டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"டீச்சர், வட்டத்தைக் கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா? தெற்குத் தெருக்காரன் எங்க தெருவுக்குக் கடல் இல்லையாங்கிறான், வடக்குத் தெருக்காரன் அதையே கேக்குறான். எனக்குப் பதில் சொல்லி முடியல."

வட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வட்டம் பெரிதாகும். அது அவ்வளவு சுலபம். யாரும் டீச்சரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமலோற்பவம் டீச்சருக்கே ஆசையாக இருந்தது. தான் போட்ட ஒரு சின்ன வட்டத்தால் ஒரு ஊர் முழுக்கக் கல்லைக் குனிந்து பார்க்கிறது என்ற சந்தோஷம் அவருக்குள் குமிழ்விட்டுக்கொண்டே இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் மேஜையைத் தட்டினார்கள். டீச்சர் வட்டத்தை இழுத்தார். கடைத்தெரு உள்ளே வந்தது. "போதுமா?" என்றார். "இன்னும் டீச்சர்!" என்றார்கள். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் உள்ளே வந்தன. "போதுமாடி?" "இன்னும் டீச்சர், இன்னும்!" தெற்குத் தெரு, வடக்குத் தெரு, அரிசி மில், சுடுகாடு, ஊரின் கடைசி வீடு எல்லாம் உள்ளே வந்தன. டீச்சர் பொத்தானை அழுத்தினார்.

பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே ஊர் நிறைய இருந்தார்கள், ஆகவே கடல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சின்ன வட்டத்தில் நடுவில் முழங்கால் ஆழம் இருந்த கடல், பெரிய வட்டத்தில் நடுவில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. தண்ணீர் நிதானமாக, மரியாதையாக, எல்லோரும் மாடிக்கு ஏறிக்கொள்ள அவகாசம் கொடுத்து ஏறியது. வாசற்படி மூழ்கியது, ஜன்னல் மூழ்கியது, ஊர் ஓரத்தில் இடுப்பளவும் பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆளுயரமும் வந்து நின்றது. கம்ப்யூட்டர் ஒரு தடவை கீச்சென்றுவிட்டு அணைந்தது. கிளியநத்தத்தின் மாடிகளெல்லாம் தீவுகளாயின. ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஜனங்கள் கூப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். கோழிகள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டன. அரிசி மில்லுக்குப் பின்னாலிருந்து பனைமர உயரத்துக்கு ஒரு கழுத்து எழுந்தது, கழுத்தின் நுனியில் சின்ன, சாந்தமான ஒரு முகம். அது தெருத்தெருவாக நீந்தி, மொட்டைமாடிகளில் என்ன காய்கிறது என்று பார்த்துக்கொண்டே போனது. வடக்குத் தெருவில் யாரோ முறுக்கை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகுதான் நைனா முகமது மாடியில் நின்று தண்ணீரைப் பார்த்தபடி, "ஏம்ப்பா, கடல்னா சாயங்காலம் ஏறும்ல?" என்று கேட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். காலையில் மாடிப்படிச் சுவரில் எட்டாவது செங்கலில் இருந்த தண்ணீர் இப்போது பத்தாவதில் இருந்தது. ஆஸ்பத்திரி மாடியில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் படுத்திருந்தாள்.

ஆட்டத்தைத் திருத்துவது கம்ப்யூட்டரில்தான் முடியும், போனில் விளையாடத்தான் முடியும். வேறு ஊருக்குப் போய் வேறு கம்ப்யூட்டரில் திறக்கலாமென்றால், கடவுச்சொல்லை அந்த மூழ்கிய கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வைத்திருந்தது, டீச்சர் வைத்திருக்கவில்லை. போனை அணைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. கடல் பார்ப்பது போனை அல்ல, பதில் சொன்ன ஆளை. பள்ளிக்கூட மாடியில் அமலோற்பவம் டீச்சரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கிணறு வெட்டப் போய் ஊரையே மூழ்கடித்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தலைவர் ராசாங்கத்தைப் பார்த்து, "ஒரே வழிதாங்க. பதில் சொன்னவங்க எல்லாரும் வட்டத்தை விட்டு வெளிய போகணும்" என்றார்.

"வட்டம்தானே ஊரே?"

"ஆமா. எல்லாரும் ஊரை விட்டுப் போகணும்."

கோயில் ஒலிபெருக்கியும் சர்ச் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் பேட்டரியில் ஒரே நேரத்தில் உயிர்பெற்று, "ஆட்டத்தில் உள்ளவர்கள் அனைவரும் உடனடியாக வட்டத்தை விட்டு வெளியேறி, குவாரிக் கல்லுமேட்டுக்கு வந்து சேரவும்" என்று அறிவித்தன. அப்போது புறப்பட்டது பாருங்கள் ஓர் ஊர்வலம்! லாரி டியூப்கள், காலி டிரம்கள், கழற்றிய கதவுகள், கல்யாண மண்டபத்து அண்டாக்கள். ஓர் அண்டாவுக்கு நாலு பேர், கரண்டியால் துடுப்புப் போட்டுக்கொண்டு. வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் பிரசவப் பெண்ணும் நர்சம்மாவும், அவர்களுக்கு முன்னால் வழிவிடச்சொல்லி விசிலடித்தபடி ஜெயங்கொண்டம் பஸ்ஸின் கண்டக்டர். ஆட்டில் பாதி, மாட்டில் பாதி நீந்தின. ராசாங்கம் வேட்டியை அவிழ்த்து ஒரு கம்பில் கட்டிப் பாய்மரமாக்கி, டவுசரோடு நின்று ஊரை வழிநடத்தினார். ஊரின் ஓரத்துக்கு வந்ததும் இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று தண்ணீர் வற்ற, ஈரம் சொட்டச்சொட்டக் கல்லுமேட்டில் ஏறி நின்றார்கள். கல்லுமேட்டின் உச்சியில், நாலு புடவைகளைச் சுற்றிலும் பிடித்துக்கொண்ட மறைவுக்குள், குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. கத்திய கத்தலில் கீழே தண்ணீரில் நின்ற நீளக்கழுத்து திரும்பிப் பார்த்தது.

எல்லோரும் வந்தாயிற்று. தெருத்தெருவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் கடல் போகவில்லை.

டீச்சர் தன் போனைப் பார்த்தார். ஆட்டக்காரர்கள் இருக்கும் இடமெல்லாம் வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும். வட்டத்துக்கு வெளியே கல்லுமேட்டில் புள்ளிகள் அப்பிக்கிடந்தன. வட்டத்துக்கு நட்டநடுவில், பஸ் ஸ்டாண்டில், ஒரே ஒரு புள்ளி நின்றது. அதைத் தொட்டால் பேர் வந்தது: யாரோ.

"யாருப்பா இந்த யாரோ?" என்று ராசாங்கம் கத்தினார்.

கஸ்தூரி கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தாள். "எங்கப்பா வரல" என்றாள்.

"அவர்தான் ஆட்டத்துலயே இல்லையேம்மா," என்றார் நைனா. "நான் எதுக்கு வரணும், சைக்கிளை யார் பாக்குறதுன்னு ஸ்டாண்டு கூரைமேல ஏறி உக்காந்துக்கிட்டாரு. நாங்க கூப்ட்டுப் பாத்தோம்."

கஸ்தூரி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கஸ்தூரியைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய லாரி டியூபைத் தண்ணீரில் தள்ளி, அதன்மேல் ஒரு கதவைப் போட்டு ஏறிக்கொண்டார்கள்.

யாருமில்லாத ஊருக்குள் துடுப்புப் போட்டுப் போவது அமலோற்பவம் டீச்சருக்குக் கனவில் நடப்பதுபோல் இருந்தது. கீழே தெளிந்த தண்ணீரில் கடைத்தெரு தெரிந்தது, பலகைகளைப் படிக்க முடிந்தது. சுருள் ஓட்டுப் பிராணிகள் ஜவுளிக்கடைக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தும் அவருக்கு ஒரு சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைமேல் அய்யாக்கண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கூரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, நீங்க ஆட்டத்துல இருக்கீங்களா?"

"யாரு, நானா? எனக்கு வேற வேலையில்ல?"

"போனை எடுங்க."

"போன் தண்ணியில விழுந்துருச்சு."

அவருடைய பனியனுக்குள் நீல வெளிச்சம் அடித்தது. கஸ்தூரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு வெள்ளிக்கெழம," என்றார் கடைசியில், மகளைப் பார்க்காமல், டீச்சரைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து. "நைனா தொழுகைக்குப் போயிட்டாரு. பஸ்ஸு இல்ல, ஒரு ஜனம் இல்ல. கடலும் இல்லாம வெறிச்சுன்னு கெடந்துச்சு. சும்மா அமுக்கிப் பாத்தேன். கடல்னு போட்டேன். உனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டுச்சு."

"என்ன எழுதுனீங்க?"

"நீ தெனமும் தடுப்புக்கு அந்தாண்ட படிக்கிறதுல எனக்குப் பாதி புரியல. ஓடுங்கிற, படிவுங்கிற. அதையெல்லாம் எழுதத் தெரியல." அவர் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் மக சொன்னான்னு எழுதுனேன்."

அமலோற்பவம் டீச்சர் துடுப்பைக் கதவின்மேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"வந்துச்சாப்பா?"

"வந்துச்சே. காலுக்கு மேல வந்துச்சு, முட்டி வரைக்கும் வந்துச்சு. எனக்குன்னு வந்துச்சு. அன்னையிலேர்ந்து நைனா கடை தெறக்கிறதுக்கு முன்னாடி நான் இந்தப் பக்கம் வர்றதில்ல, மாட்டிக்குவேன்னு." அவர் கூரையின் விளிம்புக்கு நகர்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். "இப்ப அந்தக் கல்லுமேட்டுல எல்லாரு முன்னாடியும் வந்து, நானும் ஆட்டக்காரன்தான்னு எப்பிடி நிக்கிறது? மனு எழுதுனவன் நானு."

"யாரும் கேக்கமாட்டாங்கண்ணே," என்றார் டீச்சர். "யாரோ போனத் தவறவிட்டுட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

"வேணாம் டீச்சரு. பொய் சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவர் கதவின்மேல் ஏறிக்கொண்டார். மூன்று பேர் பாரத்தில் கதவு தண்ணீர்மட்டத்துக்கு இறங்கியது.

திரும்பி வரும்போது அவர் துடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார், ஆனால் வேகமாகப் போடவில்லை. அரிசி மில்லைக் கடக்கும்போது நிறுத்தி, அந்த நீளக்கழுத்து என்ன சாப்பிடும் என்று கேட்டார். கஸ்தூரி சொன்னாள். பல் இருக்குமா என்றார். இருக்கும், அதோட பல்லு நம்ம ஊர்க் கல்லுலகூட இருக்கலாம்ப்பா என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே துடுப்பை இரண்டு தரம் போட்டார், மறுபடி நிறுத்தினார். இந்தக் கடல் அப்போது எதுவரைக்கும் இருந்தது, ஏன் போனது, போன கடல் எங்கே போய் இருக்கிறது, திரும்ப வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கல்லுமேட்டின் மேலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கரையை ஒட்டி வந்தபின், கால் வைத்தால் தரை தட்டுகிற இடத்தில், அவர் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிக் கதவை நிறுத்திவிட்டார்.

"எறங்குய்யா அய்யாக்கண்ணு! பொழுது சாயுது, தண்ணி ஏறுது!" என்று ராசாங்கம் டவுசரோடு கத்தினார்.

"இருங்கய்யா, புள்ள பேசிக்கிட்டு இருக்கு," என்று அய்யாக்கண்ணு திருப்பிக் கத்தினார்.

கல்லுமேட்டில் சத்தம் அடங்கியது. கஸ்தூரி கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள், நிலம் எப்படி மேலே எழுந்தது, தண்ணீர் எப்படி வடிந்து வடிந்து கிழக்கே போனது, நாம் சமுத்திரத்தின் அடிமண்ணில்தான் வீடு கட்டியிருக்கிறோம் என்று. ஓரிடத்தில் அவளே நின்றுவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் அய்யாக்கண்ணு.

"அதுக்கு மேல தெரியாதுப்பா. நிலம் ஏன் நகருதுங்கிறதெல்லாம் மேல் வகுப்புல வரும். பதினொண்ணாவதுலதான் எடுப்பாங்க."

அய்யாக்கண்ணு டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் ஒரு கையால் தண்ணீரை அளைந்தார், ஈரக் கையை முகத்தில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பதினொண்ணாவது போயிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, ஊரே ஆரவாரம் போட்டுக் கை நீட்டிக்கொண்டிருந்த கரையில், முதலில் டீச்சரை இறக்கிவிட்டு, மகளை இறக்கிவிட்டு, கடைசியாகத் தன் காலை எடுத்து வைத்தார்.